லெந்தினியின் வாழ்வும் பணியும்

நாடகம் ஏழு மணிக்குத் தொடங்கவேண்டும். ஏழே காலுக்கு இன்னும் பொன்னாடை போர்த்திக்கொண்டிருந்தார்கள். ஸ்காபரோவில் வாடகைக்கு எடுத்த பள்ளிக்கூட மண்டபம் அது. ஒன்பது மணிக்குப் பள்ளிக்கூடத்தைப் பூட்டுகிற கேர்ரேக்கர் வந்து எல்லோரையும் வெளியே அனுப்பிவிடுவார், கெஞ்சினாலும் நடக்காது. எங்கள் நாடகம் ஒன்றரை மணித்தியாலம். ஏழரைக்குத் தொடங்கினாலும் மட்டுமட்டாக முடித்துவிடலாம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

லெந்தினி என்ற இத்தாலியர் எழுதிய நகைச்சுவை நாடகம், நான் தமிழாக்கியது. கஞ்சனான எசமானை ஏய்த்து, அவன் மகளுக்குப் பிடித்தவனோடு கல்யாணம் செய்துவைக்கிறாள் வேலைக்காரி ரோசா. ரோசாவாக அருள்மலர்.

ரொறன்ரோவில் தமிழ் நாடகம் பார்க்கிற எல்லோருக்கும் அருள்மலரைத் தெரியும். பதினெட்டு வருடமாக அவளுக்கு ஒரே வேடம்: பிள்ளையைத் தொலைத்த தாய். வெள்ளைச் சேலையைக் கட்டி மேடைக்கு நடுவில் இருத்திவிடுவார்கள். அவள் அழுவாள், சனமும் அழும். அடுத்த வருடமும் அதே சேலை. ரோசாவை அவளே என்னிடம் வந்து கேட்டு வாங்கினாள்.

"ஒருக்காவது சனம் என்னைப் பாத்துச் சிரிக்கோணும், அண்ணை," என்றாள்.

ஆறு மாதம், வேலை முடிந்து ஸ்ரௌவ்வில்லில் இருந்து காரோட்டிக்கொண்டு ஒத்திகைக்கு வந்தாள், கொட்டுகிற பனியிலும். நாங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம்.

ஏழு இருபதுக்குச் சங்கத் தலைவர் சச்சிதானந்தன் அறிமுக உரைக்கு எழும்பினார். ஐந்து நிமிடம்தான் என்று சொல்லிவைத்திருந்தேன். ஆனால் விழா மலருக்கு நான் எழுதிய கட்டுரை, லெந்தினியின் வாழ்வும் பணியும், இருபத்திரண்டு பக்கம். பிடித்ததை எடுத்துப் பேசுங்கள் என்று முழுவதையும் அவர் கையில் கொடுத்தவனும் நான்தான். ஒரு வரியை வெட்டவும் எனக்கு மனம் வரவில்லை. என்னுடைய மடைத்தனம். அவருக்கு எல்லாமே பிடித்துப்போயிற்று.

லெந்தினி பிறந்தார். மருந்துக்கடையில் வேலை பார்த்தார். நடிகையைக் காதலித்தார், ஊரைவிட்டு ஓடினார். ஏழே முக்கால். மேடையோரம் நின்று மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினேன். தலைவர் அன்பாகத் தலையாட்டிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டினார். துண்டு எழுதி அனுப்பினேன். மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

எட்டு மணிக்கு, லெந்தினியின் முதல் நாடகம் மேடையேறிய கதைக்கு வந்தார். பிரபு ஒருவர் வாழ்த்துரையை நிறுத்தாமல் நீட்ட, மெழுகுதிரியெல்லாம் எரிந்து முடிந்து, கடைசி அங்கத்தை இருட்டில் நடித்தார்களாம். நான் ரசித்து எழுதிய பத்தி. மண்டபமே குலுங்கிச் சிரித்தது. தலைவரும் சிரித்து, வடமராட்சியில் தனக்கு நடந்த அதேமாதிரிக் கதை ஒன்றையும் சேர்த்துக்கொண்டார். ஏப்ரன் கட்டித் திரைக்குப் பின்னால் நின்ற அருள்மலர் அந்தச் சிரிப்பைக் கேட்டாள். என் முகத்தை அவள் பார்க்கவில்லை.

எட்டே முக்காலுக்கு முடித்தார். முடித்த கையோடு, மொழிபெயர்ப்பாளர் வாகீசனுக்கும் ஒரு பொன்னாடை என்றார். கைதட்டினார்கள். அதைப் பிடுங்கி அவர் கழுத்திலேயே இறுக்கவேண்டும் போலிருந்தது எனக்கு. குனிந்து வாங்கிக்கொண்டேன்.

மிச்சம் பத்து நிமிடம். கடைசிக் காட்சியையாவது போடச் சொன்னார்கள். நான் முடியாது என்றேன்.

"போடுவம் அண்ணை," என்றாள் அருள்மலர். "வேசம் போட்டு வெளிக்கிட்டு நிக்கிறன்தானே."

கடைசிக் காட்சியில் ரோசா எசமானின் காலடியில் விழுந்து குழறுவாள். பொய் அழுகை. கண் துடைக்கிற அவளுடைய கைலேஞ்சிக்குள் அரிந்த வெங்காயம் இருக்கும். முதல் அங்கத்தில் அவள் அதை ஒளித்துவைப்பதைப் பார்த்தால்தான் அந்த அழுகைக்குச் சிரிப்பு வரும். முதல் அங்கத்தை யாரும் பார்க்கவில்லை.

அவள் ஒன்றையும் குறைக்கவில்லை. கைலேஞ்சியை முகர்ந்தாள், ஒரு கண்ணால் எசமானை நோட்டம் பார்த்தாள், மூக்கை உறிஞ்சினாள். ஒத்திகையில் எங்களை உருளவைத்த அதே இடத்தில் விக்கி நிறுத்தினாள். மண்டபம் அசையவில்லை. முன்வரிசையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றினார். பின்னால் யாரோ விசும்பியது கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். கைலேஞ்சியை உயர்த்தி ஆட்டிக் காட்டினாள், சிரியுங்கோ என்று மன்றாடுவதுபோல. விசும்பல்தான் கூடியது.

கேர்ரேக்கர் கதவடியில் வந்து நின்றார். திரையை மூடினோம்.

கதிரை மடிக்கிற சத்தத்துக்கு நடுவே, வருடாவருடம் அவளுக்கு அந்தத் தாய் வேடத்தைக் கொடுக்கிற நாடகக் குழுவை நடத்துகிற கமலாம்பிகை அன்ரி மேடைக்கு ஏறிவந்து அருள்மலரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கன்னம் ஈரமாயிருந்தது.

"பிள்ளை, உன்னைப்போல அழுறதுக்கு இஞ்ச வேற ஆளில்லை. வாற வருசமும் நீதான் தாய்."

"ஓம் அன்ரி," என்றாள்.

அன்ரி போனபிறகும் அவள் கண்ணிலிருந்து வழிந்துகொண்டிருந்தது. கைலேஞ்சி முழுக்க வெங்காயம். துடைக்க வேறொன்றும் இல்லாமல், என் தோளில் கிடந்த பொன்னாடையைக் கழற்றிக் கொடுத்தேன். துடைத்தாள். துடைக்கத் துடைக்க வந்தது.

"வெங்காயம் அண்ணை," என்றாள், நான் கேட்காமலே.