விடையை முதலில் சொல்பவர்

அடுத்த ஆண்டு லாபம் இரண்டு மடங்காகும் என்று நிறுவனத் தலைவர் மேடையில் சொன்னபோது, அந்த எண்ணைத் திரையில் ஏற்றிய கணக்குப் பிரிவு மேலாளர் தன் ஷூ முனையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய பிரிவில் தலைவருக்கு 'டபுள்' என்று பெயர். எந்த ஆண்டும் அதற்குக் குறைந்த எண் அவர் வாயில் வந்ததில்லை. ஊர் உலகத்தில் கணக்குப் போட்டு விடை காண்பார்கள். இங்கே தலைவர் விடையைச் சொல்லிவிடுவார், அதற்கேற்ற கணக்கை இவர்கள் பின்னாலிருந்து போட்டுக்கொண்டு வரவேண்டும். இந்த முறை எவ்வளவு இழுத்தும் எட்டவில்லை. இன்னும் திறக்காத தொழிற்சாலை, கையெழுத்தாகாத ஒப்பந்தம் எல்லாவற்றையும் வருமானத்தில் சேர்த்த பிறகுதான் எட்டியது. இதெல்லாம் நடக்காது என்று அவன் சொல்லிப் பார்த்தான். நம்பிக்கை இல்லாதவனுக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார் டபுள். இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைக்கிறவனுக்கு அதற்குமேல் வாய் எங்கே எழும்?

பங்குதாரர்களின் வரிசையில் அவனுடைய மாமனார் உட்கார்ந்திருந்தார். ரயில் ஓட்டி ஓய்வு பெற்றவர். கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதியை, மாப்பிள்ளை வேலை பார்க்கும் இடம்தானே என்று இந்தப் பங்குகளில் போட்டிருந்தார். சொன்ன லாபம் வரவில்லை, பங்கின் விலை இறங்கிக்கொண்டே இருந்தது. விற்றுவிடவா என்று போன வாரம் அவனிடம் கேட்டார். உள்ளே இருப்பவன் வாயைத் திறந்தால் வேலையும் போகும், வழக்கும் வரும். அதனால் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள், பதிலைப் பார்த்து முடிவெடுங்கள் என்றான். அத்தனை பேர் முன்னால் டபுள் திணறுவார், அதைக் கண்டே மாமனார் விற்றுவிடுவார் என்று நினைப்பு. சொந்தக் காசில் சூனியம் வைத்துக்கொள்கிறவர்கள் எல்லோரும் தங்களைச் சாமர்த்தியசாலி என்றுதான் நினைத்துக்கொள்கிறார்கள்.

மாமனார் எழுந்தார்.

"போன வருஷமும் இதேதான் சொன்னீங்க, வரல. இப்ப எதை வச்சு சொல்றீங்க? யார் போட்ட கணக்கு இது?"

கூடத்தில் முணுமுணுப்பு கிளம்பியது. பின் வரிசைகளில் இன்னும் சில கைகள் உயர்ந்தன.

டபுள் திணறவில்லை. பக்கத்திலிருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னார். டபுளின் முகம் மலர்ந்துவிட்டது.

"இது உங்க மாப்பிள்ளை போட்ட கணக்குங்க ஐயா. எழுந்திரிங்க தம்பி, மாமாவுக்கு நீங்களே சொல்லுங்க."

மைக் அவன் கைக்கு வந்தது. மாமனாரின் முகத்திலிருந்த கடுகடுப்பு போன இடம் தெரியவில்லை. பெண்ணைக் கொடுத்த அன்று பார்த்த மாதிரியே அவனைப் பார்த்துக்கொண்டிருந்தார். இல்லை என்ற ஒரு சொல் போதும்.

"ஆமா மாமா. நாங்கதான் போட்டோம்."

சொல்லி முடித்ததும் தன்மீதே அவனுக்கு அருவருப்பாக இருந்தது.

"அப்ப சரி," என்று மாமனார் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கைக்காரரிடம் குனிந்து பெருமையாக ஏதோ சொன்னார். அவர் திரும்பிப் பின்னால் இருந்தவரிடம் சொன்னார். பின் வரிசைகளில் தூக்கியிருந்த கைகள் ஒவ்வொன்றாக இறங்கின. கடைசிக் கையும் இறங்கிய பிறகு மாமனார் கைதட்ட ஆரம்பித்தார்.