ஹள்ளம்

நான் பிறந்தது கர்நாடகாவில், ஆனேக்கல் பக்கம். வாக்கப்பட்டு ஓசூர்ப் பக்கம் வந்து எட்டு வருஷமாகிறது. தமிழ் சரளமாகப் பேசுவேன். பள்ளத்தை மட்டும் எங்கள் ஊர் வாயால் ‘ஹள்ளம்’ என்பேன். வீட்டுக்காரர் கிண்டலடிப்பார். என் ஐந்து வயது மகள் ஹரிணிக்கும் அதுதான் வரும்.

ஊருக்குக் கிழக்கே, கல் உடைத்துவிட்டுக் கைவிட்ட பெரிய பள்ளம் இருக்கிறது. இடித்த கட்டடத்தின் கழிவைப் பிரித்து மறுசுழற்சிக்கு அனுப்ப வேண்டும், எதையும் எரிக்கக் கூடாது என்பது விதி. கான்ட்ராக்டர் தங்கதுரைக்கு விதியெல்லாம் தூசு. அவனுடைய டிப்பர்கள் எல்லாவற்றையும் இங்கே கொட்டும். பைப், ஒயர், தெர்மாகோல், சிமெண்ட் சாக்கு எல்லாம் சாயங்காலமானால் எரியும்.

அந்த டிப்பர்களில் ஒன்றை ஓட்டுவது என் வீட்டுக்காரர் ராமப்பன். நாங்கள் குடியிருப்பதும் தங்கதுரையின் வீட்டில்தான். அவர் அவனை வாய்க்கு வாய் ‘அண்ணா’ என்பார். அதனால் அவரிடம்கூடச் சொல்லாமல்தான் செய்தேன். ஹரிணி மூச்சு விட முடியாமல் மூன்று நாள் உட்கார்ந்தபடியே தூங்கினாள். அதற்கு மேல் எனக்குப் பொறுக்கவில்லை. அதிகாரிகளுக்குப் புகார் சொல்லும் வாட்ஸ்அப் எண்ணுக்கு ஒரு படமும் இரண்டு வரியும் அனுப்பினேன். பெயர் வெளியே போகாது என்று போட்டிருந்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் தங்கதுரையின் புல்லட் வாசலில் வந்து நின்றது. இறங்கி உள்ளே வந்தவன் போனை என் வீட்டுக்காரரிடம் நீட்டினான்.

“படி ராமப்பா. சத்தமா.”

யாரோ என் புகாரை அவனுக்கே அனுப்பியிருந்தார்கள். நம்பரை மட்டும் மறைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் படித்தார்.

“எங்க ஊர் ஹள்ளத்துல தினமும் நெருப்பு வெக்கிறாங்க. கொழந்தைங்களுக்கு மூச்சு முட்டுது.”

பேசுகிற மாதிரியே எழுதித் தொலைத்திருக்கிறேன்.

“இந்த ஊர்ல யாரு ஹள்ளம்னு சொல்றது?” என்றான் தங்கதுரை.

“தெரியலீங்கண்ணா.”

“போன வருசம் ஒருத்தன் இப்பிடித்தான் எழுதிப் போட்டான். இப்ப தடி ஊனிக்கிட்டு நடக்கறான்.” சிரித்துக்கொண்டே சொன்னான். பிறகு என் பக்கம் திரும்பினான். “ஏம்மா, நேத்து கடைசி லோடு எங்க கொட்டுனாங்க? நீ பாத்தியா?”

லோடு எங்கே போனது என்பது அவனுக்குத் தெரியாதா? என் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். உதடுகளை இறுக்கி மூடித் திறந்தேன்.

“பள்ளத்துலதாங்க.”

“சரி” என்று வெளியே போனான்.

என் வீட்டுக்காரர் மெதுவாகத் திரும்பினார். எட்டு வருஷத்தில் என் வாயிலிருந்து ‘பள்ளம்’ என்ற சொல்லை அவர் கேட்டதே இல்லை. அவருக்குப் புரிந்துவிட்டது. திட்டுவார், அடித்தாலும் அடிப்பார் என்று நினைத்தேன். கிட்டே வந்து ரகசியமாகக் கேட்டார்.

“நீ மாத்திச் சொல்லிட்ட. பாப்பா சொல்லுமா?”

அப்போதுதான் ஹரிணியைத் தேடினேன். வீட்டுக்குள் இல்லை. இரண்டு பேரும் வாசலுக்கு ஓடினோம்.

தெருமுனையில் புல்லட் நின்றுகொண்டிருந்தது. பிள்ளைகளை டேங்க் மேல் உட்கார வைத்துத் தெருமுனை வரை ஒரு ரவுண்டு கூட்டிப்போவது தங்கதுரையின் வழக்கம். ஹரிணி டேங்க் மேல் உட்கார்ந்து, கிழக்கே கையை நீட்டி என்னவோ சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் குனிந்து காது கொடுத்துக் கேட்டான். அவள் கன்னத்தைத் தட்டினான்.

பிறகு வண்டியை எங்கள் வீட்டுப் பக்கம் திருப்பினான்.