நான்காவது இலக்கு: நிறைவேறியது

1

இந்தக் கதை ஓர் அறிக்கையிலிருந்து வந்தது. முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். எங்கள் லேப் டெக்னீஷியன்கள் சங்கத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தில் மூன்றாம் ஆண்டு முடிந்தது. முன்னேற்ற அறிக்கையைப் பொதுக்குழுவில் வாசிக்கும் வேலை என் தலையில் விழுந்தது. வாசித்த பிறகும் அதில் ஒரு வரி என்னை விடவில்லை. கதையாக எழுதினால் விட்டுவிடும் என்று தோன்றியது.

இப்படித் தொடங்கினேன்: "கூடத்தில் இருநூறு நாற்காலிகள் இருந்தன, அவற்றில் முதல் வரிசையில்..."

வேண்டாம். எண்ணிக்கையில் ஆரம்பித்தால் இதுவும் அறிக்கையாகிவிடும்.

அடுத்தது: "மேடை என்றாலே அவள் கடைசி வரிசைக்குப் போய்விடுவாள்."

இது இருக்கட்டும். 'நான்' என்று எழுதக் கூச்சமாக இருந்ததால் 'அவள்' என்று போட்டிருக்கிறேன்.

2

திட்டத்தில் ஆறு இலக்குகள். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு வண்ணக் கட்டம். முடிந்தது என்றால் பச்சை, நடக்கிறது என்றால் மஞ்சள், தொடங்கவே இல்லை என்றால் சிவப்பு.

நான்காவது இலக்கு, சின்ன லேப்களில் தனியாக வேலை பார்க்கும் உறுப்பினர்களுக்கானது. ஸ்லைடில் தெரிவது கிருமியா, சாயக் கறையா என்று முடிவுசெய்ய முடியாதபோது போன் செய்து கேட்க ஓர் ஆள் வேண்டும். நூற்றுப் பன்னிரண்டு பேரை ஐம்பத்தாறு ஜோடிகளாகப் பிரித்து, படிப்பு, அனுபவம், போன் எண் எல்லாம் போட்டுப் பட்டியல் அனுப்பியாயிற்று. கட்டம் பச்சை.

பட்டியலில் அவளும் இருந்தாள். அவளுடைய ஜோடி, மூன்று மணி நேரப் பயணத் தொலைவில் வேலை பார்க்கும் ஒரு பெண். நேரில் பார்த்ததில்லை. இரண்டு வருடத்தில் அவள் ஒருமுறைகூட அந்த எண்ணை அழுத்தவில்லை. சந்தேகம் வராமல் இல்லை. ஒருநாள் ஒரே ஸ்லைடை நாற்பது நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியில் நோயாளியை மறுநாள் வரச் சொல்லி, திரும்ப ரத்தம் எடுத்தாள்.

[அந்த நோயாளி ஒரு தச்சர். ஊசி என்றால் அவருக்கு உயிர் போகும். இதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.]

3

பொதுக்குழுவுக்கு முந்தைய வாரம் செயலாளரைப் பார்க்கப் போனாள். [முதல் பிரதியில் இவரை வில்லனாக்கி, மீசையெல்லாம் முறுக்கவிட்டிருந்தேன். நல்ல மனிதர். மீசையும் கிடையாது. அடித்துவிட்டேன்.]

"சார், இந்த நாலாவதுக்கு... பச்சை போடலாமா?"

"ஏம்மா, பட்டியல் போட்டாச்சா இல்லையா?"

"போட்டாச்சு சார்."

"எல்லாருக்கும் போய்ச் சேந்துச்சா?"

"சேந்துச்சு."

"அப்புறம் என்ன? ஆறுல அது ஒண்ணுதான் பச்சை. அதுலயும் கைய வச்சுடாத தாயே."

தலையாட்டிவிட்டு வந்தாள். நாம் அளந்தது பட்டியலைத்தான், யாரும் பேசினார்களா என்பதை அல்ல. இந்தப் பதில் படியிறங்கும்போதுதான் அவளுக்கு வாயில் வந்தது. படிக்கட்டில் யாரும் இல்லை.

பொதுக்குழுவுக்கு அந்த ஜோடியும் வருவார். 'நிறைவேறியது' என்று வாசித்தால், அது பொய் என்று தெரிந்த ஓர் ஆளுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். வாசிக்காவிட்டால் சங்கத்தின் ஒரே பச்சையும் போய்விடும்.

4

இந்த இடத்தில் ஒரு வீர உரை எழுதிப் பார்த்தேன். "நண்பர்களே, நம்மை நாமே ஏமாற்றிக்கொண்டு..."

அவள் இப்படிப் பேசுகிற ஆள் இல்லை. பேசியது இவ்வளவுதான்:

"நாலாவது இலக்கு, நிறைவேறி... இல்லீங்க. நான் ஒரு தடவகூட போன் பண்ணல."

செயலாளர் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். [மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது என்று எழுதி அடித்தேன். எல்லாக் கதையிலும் அது கேட்கிறது.]

மூன்றாவது வரிசையிலிருந்து ஒரு பெண் எழுந்தார்.

"நான்தாங்க அந்த ஜோடி. நானும் பண்ணல. இவங்க பட்டம் வாங்கினவங்க, நான் டிப்ளமாதான். இதுகூடத் தெரியாதான்னு நெனச்சுட்டா?"

"ஐயோ, நீங்க இருபது வருஷ சர்வீஸ், அக்கா! நான்தான் அப்படி நெனச்சுப் பயந்துட்டு இருந்தேன்."

சங்கத் தலைவி மைக்கை இழுத்துக்கொண்டார். "சரி, ஒரு தடவையாவது பேசின ஜோடி யாரு? கையத் தூக்குங்க பாப்போம்."

இரண்டு கைகள் எழுந்தன. அடுத்தடுத்த நாற்காலிகள்.

"அப்பாடா! எதப் பத்திப் பேசினீங்க?"

"நாங்க அக்கா தங்கச்சிங்க மேடம். தினமும் பேசுவோம்."

கூடம் சிரித்து அடங்கச் சற்று நேரமானது. பச்சையைச் சிவப்பாக்கும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. பின்னோக்கிப் போனதற்கு அவ்வளவு கைதட்டலை எங்கள் சங்கம் பார்த்ததில்லை.

சாப்பாட்டு வரிசையில் செயலாளர் அவளருகே வந்து நின்றார். திட்டப் போகிறார் என்று நினைத்தாள்.

"எனக்கும் ஒரு ஜோடி இருக்கும்மா," என்றார் மெதுவாக. "பேரே மறந்துபோச்சு."

5

முடிவு ஒன்று: மறுநாளிலிருந்து ஐம்பத்தாறு ஜோடிகளும் பேசத் தொடங்கின.

[எனக்கே சிரிப்பு வந்தது.]

முடிவு இரண்டு: யாரும் பேசவில்லை. அடுத்த ஆண்டும் கட்டம் சிவப்பு.

[கதை என்று பார்த்தால் இது கம்பீரமான முடிவுதான். ஆனால் அன்றைக்கு நான் எவ்வளவு லேசாக வீட்டுக்கு நடந்தேன் என்பது இதில் எங்கே இருக்கிறது?]

நடந்தது இது. ஒன்பது நாள் ஒன்றுமில்லை. பத்தாம் நாள் காலை பதினொரு மணிக்கு அவளுடைய லேபில் போன் அடித்தது.

"நான்தான், உங்க ஜோடி. ஒண்ணுமில்ல, நம்பர் சரியான்னு சும்மா போட்டுப் பாத்தேன். வேலையா இருப்பீங்க, வச்சிடறேன்."

"அக்கா, அக்கா, வச்சிடாதீங்க. ஒண்ணு கேக்கணும்."

சொல்லிவிட்டாள். ஆனால் அன்று பார்த்து அவளுக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. ஸ்லைடுகள் எல்லாம் பளிச்சென்று இருந்தன. அவளுக்கு உடனே ஒரு கேள்வி வேண்டும். நான் மூன்று எழுதிப் பார்த்தேன். மூன்றும் பரீட்சைத் தாளில் வருவதுபோல் இருக்கின்றன. அந்தப் பக்கம் அக்கா, "சொல்லும்மா, சொல்லு," என்று காத்திருக்கிறார்.

நீங்கள் ஒன்று கொடுங்களேன். சின்னதாக இருந்தால் போதும். அசட்டுக் கேள்வியாக இருந்தால் இன்னும் நல்லது.