தண்ணீருக்குக் காவல்

ஐப்பசி மழையில் மரக்காணத்து உப்பளம் முழுக்க ஒரே ஏரியாகிவிட்டது. அள்ள உப்பில்லை, திருட ஆளில்லை. ஆனாலும் சகாதேவன் காவலுக்கென்று அளத்துக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான். மழைக்கு முன்பே, வீட்டிலும் தள்ளித்தான் படுத்தான்.

அவன் மனைவி அம்சவல்லிக்கு முதலில் சந்தேகம் வந்தது வேறொருத்தி மேல் அல்ல, தன் மேல்தான். நாற்பத்தாறு வயது உடம்பைக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் நின்று பார்த்தாள். தலைக்கு டை அடித்தாள். இந்த மனுஷனுக்கு நாம் அலுத்துவிட்டோமா என்ற கேள்வி, பல்லில் சிக்கிய மாங்காய் நார்போல, எந்த வேலைக்கு நடுவிலும் உறுத்தியது.

ஒருநாள் காலையில் குடையோடு கொட்டகைக்கே போனாள். அவன் தனியாக உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இன்னாய்யா காவல் காக்குற? தண்ணியவா?”

“கரை ஒடைஞ்சிடும்ல.”

“கரைய உடு. என்னைப் புடிக்கலியா? நேரா சொல்லு.”

அவன் பதறினான். “ஐய, அது இல்ல அம்சா.” காதைச் சொறிந்தான். “எனக்கு வளைஞ்சிடுச்சு.”

“முதுகா?”

“முதுகுன்னா உங்கிட்ட மறைப்பனா?”

அவளுக்குப் புரிந்தது.

“ஒரு பக்கமா இழுக்குது. வலிக்குது. வலிக்குமேன்னு நெனைச்சாலே அடங்கிடுது. இப்பல்லாம் எழும்புறதே இல்ல. இத்தினி வருஷம் உப்புத் தண்ணில நின்னதுதான்.”

அவன் வலியைக் கேட்டுத் தனக்கு நிம்மதி வருகிறதே என்று அம்சவல்லிக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வந்தது.

“உப்பு ஒண்ணும் பண்ணல,” என்றார், அடுத்த வாரம் இருவரும் போய்ப் பார்த்த புதுச்சேரி டாக்டர். “உள்ள தழும்பு மாதிரி கெட்டியாயிருக்கு, அதான் வளைக்குது. வலி, பயம், ரத்த ஓட்டக் குறைவு எல்லாம் சேர்ந்து விறைப்பும் போகுது. நிறைய பேருக்கு ரெண்டும் சேர்ந்தே வரும். சர்க்கரையும் பாத்துடலாம். வைத்தியம் இருக்கு.”

“நேராயிடுமா சார்?”

“முழுசான்னு சொல்ல மாட்டேன்.”

“அத வெச்சி கோடா போடப்போறோம்?” என்றாள் அம்சவல்லி. “ஆவுற வரைக்கும் போதும் சார்.”

டாக்டர் இருமிக்கொண்டார்.

ஊர் திரும்பும் பஸ் கீழ்புத்துப்பட்டைத் தாண்டியதும் சகாதேவன் தணிந்த குரலில் சொன்னான்: “வீட்டுக்கு வந்துர்றேன். ஆனா இப்போதிக்கி ஒண்ணும் நடக்காது, சொல்லிட்டேன்.”

“நடக்க வேணாம்யா. பக்கத்துல படு.”

இவ்வளவு நாளும் எதற்கு ஏங்கினோம் என்று யோசித்துப் பார்த்தாள். அதற்கும்தான், பொய் சொல்வானேன். ஆனால் அதற்கு முன்னால், தூக்கத்தில் தன் மேல் வந்து விழும் அந்தக் கனமான கைக்கு. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பார்க்கட்டும்.