ஹிரோஷிக்குப் பச்சை முட்டை

ஹிரோஷிக்கு இருபது வயதாகிவிட்டதால் சடங்கு என்று அழைப்பு வந்தது. யாழ்ப்பாணத்தில் தன் மூன்று அக்காக்களும் வயதுக்கு வந்தபோது நடந்ததுதான் இதுவும் என்று யோகேஸ்வரன் முடிவுகட்டினான்.

"பெடியனுக்குமா சாமத்தியச் சடங்கு செய்யிறாங்கள்?"

"ஜப்பான் முன்னேறின நாடுடா," என்றேன்.

ஹிரோஷி சிட்னிப் பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்பு. அவன் அப்பா ஓகாவா, அதே ஊரில் கப்பல் கம்பெனி மேனேஜர். கோடை விடுமுறைக்கு அங்கே ஒரு வேலை கேட்டிருந்தான் யோகேஸ். கிடைக்காவிட்டால் போன வருஷம் போல இறைச்சித் தொழிற்சாலைதான். அங்கே அவன் மூன்று தடவை மயங்கி விழுந்திருக்கிறான்.

ஆகவே 1975 ஜனவரி பதினைந்து அன்று கூடையோடு கிளம்பினான். உள்ளே ஆறு முட்டை, சீனாக்காரர் கடை நல்லெண்ணெய் ஒரு பாட்டில்.

"இடுப்புக்கு நல்லது மச்சான். அக்காமாருக்கு மூக்கைப் பொத்திப் பருக்கினவை."

நான் தடுத்திருக்கலாம். அப்படியொன்றும் அவசரம் தெரியவில்லை.

மண்டபத்தில் பெண்கள் தரையைத் தொடும் நீளக் கை வைத்த கிமோனோவில் வியர்த்துக்கொண்டிருந்தார்கள். பையன்கள் கோட்டில் வியர்த்தார்கள். இனி நீங்கள் பெரியவர்கள் என்று ஒருவர் முக்கால் மணி நேரம் பேசினார். பெரியவர்கள் தூங்கினார்கள்.

"பெடியனை உள்ளுக்கு இருத்த ஒரு மறைப்புக்கூடக் கட்டேல்லை," என்று முணுமுணுத்துவிட்டு, யோகேஸ் கூடையை ஓகாவாவிடம் நீட்டினான்.

அவர் முட்டையைப் பார்த்தார். எண்ணெயை முகர்ந்தார். முகம் இளகியது.

"பச்சை முட்டையைச் சோற்றில் உடைத்து ஊற்றிச் சாப்பிட்டு வளர்ந்தவன் நான். உங்கள் ஊரிலும் கொடுப்பார்களா? யாருக்கு?"

யோகேஸ் என்னைப் பார்த்தான். நான் கூரையைப் பார்த்தேன்.

"பெரியவர்கள் ஆகிறவர்களுக்கு, சார்," என்றான் ஆங்கிலத்தில்.

"உனக்கு என்ன வயது?"

"போன மாதம் இருபது."

"ஐயோ, இங்கே உனக்குச் செய்ய யாருமில்லையே!"

தம்ளர் வந்தது. ஓகாவா தானே முட்டையை உடைத்து, மேலே தாராளமாக எண்ணெய் ஊற்றினார். மண்டபமே எழுந்து நின்றது.

"மச்சான், நான் ஆம்பிளையடா," என்றான் யோகேஸ், தமிழில்.

"இறைச்சித் தொழிற்சாலை," என்றேன்.

மூக்கைப் பொத்திக்கொண்டு குடித்தான். கைதட்டல் அடங்க வெகுநேரமாயிற்று. கிமோனோப் பெண்கள் வரிசையாக வந்து குனிந்து வாழ்த்தினார்கள்.

"திங்கட்கிழமை வேலைக்கு வா," என்றார் ஓகாவா.

திரும்பும் ரயிலில் என் காதருகே குனிந்தான்.

"சிட்னியிலை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை."

சிட்னியில் சொல்லவில்லை. அவன் அக்காக்கள் மூவருக்கும் தனித்தனியாக எழுதினேன்.