உட்கார்ந்தபடி நடந்தவர்கள்

"தடம் வேணுங்க" என்று பொற்கொடி கேட்டாள். எதைக் கேட்கவே கூடாது என்று அவளுடைய அப்பன் சென்னியப்பன் சொல்லிச் சொல்லி வளர்த்தாரோ, அதையே சுப்பண்ணன் வீட்டு வாசலில் நின்று, காலனிச் சனம் காட்டுக்காரரைக் கூப்பிடுகிறபடி பண்ணாடி என்று கூப்பிடாமல் கேட்டாள். சுப்பண்ணன் வெற்றிலை மென்றுகொண்டிருந்தார். உள்ளே அவருடைய ஒரே மகன் மனோஜ்குமார் மூன்றாவது வருஷமாக நாற்காலியில் உட்கார்ந்தபடி நடந்துகொண்டிருந்தான். அன்று காலையில்தான் அவன் பாதத்திலிருந்து உப்பு மண்ணைக் கழுவி ஊற்றியிருந்தார்கள்.

பெருந்துறைக்குத் தெற்கே காரைக்காட்டுப்புதூரில், காலனியிலிருந்து பஸ் ரோட்டுக்குப் போகத் தடம் என்று ஓர் இட்டேரி இருந்தது. இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவே ஒரு மாட்டுவண்டி போகிற அகலம். 1991-ல் இரண்டு பக்கத்துத் தோட்டத்தையும் சுப்பண்ணனே வாங்கிவிட்டதால், நடுவில் கிடப்பதும் தன்னுடையதுதான் என்று அவருக்குத் தோன்றியது. தோன்றிய வாரமே டிராக்டர் விட்டு உழுது மஞ்சள் போட்டார். அதற்கப்புறம் காலனிச் சனம் ஓடையில் இறங்கி, குளத்துக்கரை ஏறி, சுடுகாட்டைச் சுற்றி ரோட்டுக்குப் போயிற்று. பொற்கொடி அப்படிச் சுற்றிப் போய்த்தான் ஈரோட்டில் கணக்குப் படித்தாள். காலனியில் முதல் டிகிரி. அதில் பாதியை மூளை வாங்கியது, மீதியைக் கெண்டைக்கால் வாங்கியது. 1996 ஆடியில் அவளுடைய அக்கா சாந்தாமணிக்குப் பிரசவ வலி கண்டபோது கட்டிலோடு தூக்கிக்கொண்டு சுற்றி ஓடினார்கள். மஞ்சள் காட்டுக்கு அந்தப் பக்கம் வாடகைக் கார் நிற்பது கண்ணுக்குத் தெரிந்தது. டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். ஓடையில் இறங்கி ஏறுவதற்குள் அக்காவின் சத்தம் நின்றுபோனது. அதற்கப்புறமும் ஹாரன் கேட்டது. காரியம் முடிந்த மறுநாள்தான் பொற்கொடி போய்க் கேட்டாள்.

மனோஜ்குமாரின் சங்கதி வேறு. இன்ஜினியரிங் காலேஜில் சேர்ந்து, பிடிக்காமல் வீட்டுக்கு வந்து படுத்துக்கொண்டவனுக்கு, கோயமுத்தூர் டவுன்ஹால் பக்கம் கடை வைத்திருந்த அமீர் ஹம்சாவிடம் வீடியோ கேம் பெட்டியும், பேர் ஒட்டாத ஒரு கேசட்டும் வாங்கிக் கொடுத்தார்கள். இதுல முடிவுன்னு ஒன்னு வராதுங்க தம்பி, போய்ட்டே இருக்கலாம் என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். டிவியில் விரலளவு ஆள் ஒருவன் மேற்கே பார்த்து நடந்தான். ஒரே மேகம் திரும்பத் திரும்ப வந்தது. ஒரே பாட்டு திரும்பத் திரும்பப் பாடியது. தூரத்து மலை கிட்டவே வரவில்லை. முதல் மாதம் மனோஜ்குமாரின் குதிகால் வெடித்தது. இரண்டாம் மாதம் அவன் கூப்பிட்டால் திரும்பாமலானான். கரண்ட் போனால் ஊரே இருட்டாகும், அந்த டிவி மட்டும் ஓடும். மீட்டரில் அதற்கு யூனிட் ஏறவில்லை என்று லைன்மேன் எழுதிக்கொண்டு போனார். அவனுடைய அம்மா மயிலாத்தாள் சாயங்காலம் தோறும் மகன் காலைக் கழுவினாள். சில நாள் செம்மண் வந்தது, சில நாள் சேறு, சில நாள் இந்தப் பக்கத்தில் முளைக்காத ஒரு முள். ஈரோட்டு டாக்டர் பார்த்துவிட்டு, ரொம்ப தூரம் நடந்த உடம்பு, ரெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க என்றார்.

இன்னொரு ஆள் ஆடுவதற்கும் பெட்டியில் பட்டன் வைத்த வயர் இருந்தது. அதைப் பிடித்து மனோஜ்குமாரைத் தேடிப் போன பங்காளி மகன் பாலகோபால், கிணற்றடிக்குக்கூட மொபெட்டில் போகிறவன், அரை நாளில் கணுக்கால் சுளுக்கித் தரையில் விழுந்தான். மற்ற சொந்தக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. அதனால்தான் அன்றைக்குப் பொற்கொடி தடம் கேட்டபோது, உள்ளேயிருந்து மயிலாத்தாள் அவளுடைய முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்த்தாள்.

"ஏனுங்க, இது நடந்த காலுங்க. இவளை அனுப்பிப் பாக்கலாமுங்க."

சுப்பண்ணன் வெற்றிலையைத் துப்பினார். "பையனைக் கூட்டியா. தடத்தை உடறேன்."

"சொன்ன சொல்லு மாறமாட்டீங்கல்ல?"

"இந்தத் திமிரைத்தான் காலேஜுல சொல்லிக் குடுத்தாங்களா, புள்ள?"

"கணக்குச் சொல்லிக் குடுத்தாங்க. அதான் கேக்கறேனுங்க."

பின்கட்டு வழியாக உள்ளே விட்டார்கள். நாற்காலி கொடுக்கவில்லை, சாக்கு விரித்தார்கள். பொற்கொடி வயரைக் கையில் எடுத்தாள், நடந்தாள். கொஞ்ச தூரத்திலேயே மாடு, ஆள், குரல் எல்லாம் தீர்ந்துபோயின. மண் சதுரம் சதுரமாக இருந்தது, மரத்தின் இலையும் சதுரமாக இருந்தது. திரும்பிப் பார்த்தால் பறவைகள் இல்லாமல் போயின. கணுக்கால் ஆழத்துக்கு ஒரு கடல் வந்தது. அதைக் கடக்க ஒரு மழைக்காலம் பிடித்தது. கதவெல்லாம் சுவரில் வரைந்து வைத்திருந்த ஊர் ஒன்று வந்தது. தட்டினால் சத்தம்கூட எழவில்லை. ஆனால் ஒன்று, அத்தனை தூரத்தில் எங்கேயும் சுற்றிப் போ என்று ஒருத்தரும் சொல்லவில்லை. அது அவளுக்குப் பழகவே நாளாயிற்று. ஒவ்வொரு மேட்டிலும் தானாக நின்று, யாராவது கத்துவார்களா என்று காத்திருந்து, அப்புறம் தன் மேலேயே கோபம் வந்து நடந்தாள். இந்தப் பக்கம் மஞ்சள் வெட்டி, வேகவைத்து, காயவைத்து, மறுபடியும் நட்டார்கள். சென்னியப்பன் தினமும் கஞ்சிக் குண்டாவோடு வந்து பின்கட்டுக்கு வெளியே நின்றார். மயிலாத்தாள் அதை வாங்கி அவளுக்கு ஊட்டினாள். முதலில் தண்ணீருக்கு என்று தனி டம்ளர் வைத்திருந்தாள். அது தொலைந்த பிறகு வீட்டு டம்ளரிலேயே கொடுத்தாள். ஊர் அதைப் பற்றிப் பேசியது. நாற்காலியில் நடக்கிறவனைப் பற்றிப் பேசி அலுத்துப்போயிருந்தது.

அவனை அவள் கண்டுபிடித்தது ஒரு சமவெளியில். புல் தவிர எதுவும் இல்லாத இடம். அதன் குறுக்கே, கண்ணெட்டிய தூரம் வரைக்கும் கிளுவை வேலி. நடுவில் கதவாக ஒரு முள்படல். படலுக்கு அந்தப் பக்கம் மனோஜ்குமார் பனியனோடு நின்றிருந்தான். தாடி நெஞ்சு வரைக்கும் இருந்தது. கையெல்லாம் முள் கிழித்த ரத்தம்.

"ஆரது? இதெல்லாம் நம்ம காடு. சுத்திப் போ" என்றான்.

பொற்கொடி சுற்றிலும் பார்த்தாள். "இங்க ஒரு ஈ காக்கா இல்லைங்க. ஆருக்கு வேலி?"

"நாளைக்கு ஆராச்சும் வந்துபோட்டா? நீ வந்துட்டீல்ல?"

உங்கம்மா தினமும் கால் கழுவுறாங்க, நீங்க வந்தாத்தான் எங்களுக்குத் தடம், வாங்க என்று சொன்னாள். அவனுக்குக் கண் கலங்கியது. வரத்தான் ஆசை என்றான். மூன்று வருஷமாகச் சோற்று வாசனை கனவில்கூட வரவில்லை என்று அழுதான். அப்புறம் மூக்கைத் துடைத்துக்கொண்டு வேலியைத் திரும்பிப் பார்த்தான். "நான் வந்தா இதை ஆரு பாப்பா? நீ வேணா காவலுக்கு இரு. நான் ஊட்டுக்குப் போறேன். உங்களுக்குத் தடம் வேணுமாட்ட இருக்குது, அப்பங்கிட்டச் சொல்லி வாங்கித் தாரேன்."

அவன் ஏமாற்றவில்லை. சொன்னபடி செய்துமிருப்பான். காலனிக்குத் தடம் கிடைத்திருக்கும், அவள் அங்கே படலுக்குப் பக்கத்தில் நின்றிருப்பாள். பொற்கொடி அந்தப் படலையே கொஞ்ச நேரம் பார்த்தாள். முடிவு அங்கேயே ஆகிவிட்டது. வயரைக் கீழே வைத்தாள்.

சுப்பண்ணன் வீட்டில் சாயங்காலமாகியிருந்தது. அவள் எழுந்து நின்றதும் மயிலாத்தாள் ஓடி வந்தாள். "கண்டயா அம்மணி?"

"கண்டேனுங்க. வரமாட்டாருங்க. வேலி கட்டிட்டு இருக்காரு."

மயிலாத்தாள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். சுப்பண்ணன் முகத்தில் மூன்று வருஷத்தில் முதல் முறையாக ஒரு தெளிச்சி வந்தது. "எத்தனை ஏக்கரா இருக்கும்?" என்று கேட்டார்.

பொற்கொடி அவரையே பார்த்தாள். தடம் என்றாள். பையன் வந்தால்தானே பேச்சு என்றார் அவர். அப்புறம் மகன் பக்கம் திரும்பி, கெட்டிக்காரன், கெட்டிக்காரன் என்று அவன் தலையைத் தடவினார்.

பிற்பாடு நடந்தது ஊருக்கே தெரியும். மஞ்சள் காட்டின் நடுவே, அவளுடைய கால் பட்ட இடமெல்லாம் மண் சதுரம் சதுரமாக இறுகிவிட்டது. சுப்பண்ணன் உழுது பார்த்தார், கலப்பைதான் வளைந்தது. கிழங்கு போட்டார், தட்டைப்பயறு போட்டார், ஒன்றும் முளைக்கவில்லை. சர்வேயர் வந்து அளந்து, இது எந்த ஊர் மண் என்று தெரியவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார். இரண்டு வருஷம் கழித்து அதன் மேல் மினி பஸ் ஓடியது. மனோஜ்குமார் இன்னும் நாற்காலியில்தான் இருக்கிறான். இப்போதெல்லாம் அவன் காலைவிடக் கைதான் அதிகம் கிழிகிறது. மயிலாத்தாள் மஞ்சள் அரைத்துப் பூசுகிறாள்.

வயரைக் கீழே வைத்த அன்றைக்குப் பொற்கொடி பின்கட்டுப் பக்கம் போகவில்லை. நடுக்கூடம் வழியாக நடந்து, முன்வாசலில் இறங்கி, மஞ்சள் காட்டு வரப்பில் போய் நின்றாள். பயிர் இடுப்பளவு நின்றது. குண்டாவைக் கையில் பிடித்தபடி சென்னியப்பன் வீட்டைச் சுற்றி ஓடி வந்தார்.

"வேண்டாங் கண்ணு, பாத்துட்டு இருக்காங்க. சுத்தியே போயிரலாம்."

"நீங்க எம் பின்னாலயே வாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அவள் காட்டுக்குள் கால் வைத்தாள்.