இரண்டாம் குழுவின் மூச்சு

மூச்சு டாக்டர் எங்கே என்று கேட்டால் அந்த ஆஸ்பத்திரியின் வாசல் காவலர்கூட இரண்டாவது மாடிக்குக் கையைக் காட்டுவார். அவளுடைய முழுப் பதவிப் பெயர் அறைக் கதவில் மூன்று வரிக்கு நீண்டிருந்தது. நுரையீரல் கெட்டு, அதனால் இதயமும் வீங்கிப்போனவர்களைப் பற்றி ஆராய்கிறவள் என்பதுதான் அதன் சாரம். அந்த மூன்று வரியையும் ஒரே மூச்சில் படிக்க முடிகிறவருக்கு அவளிடம் வேலையே இல்லை.

மூன்று வருடமாக அவளுக்கு ஒரே பைத்தியம். மருந்து மாத்திரையோடு மூச்சுப் பயிற்சியும் கைகால் பயிற்சியும் சேர்த்துக் கொடுத்தால் இவர்கள் இன்னும் கொஞ்ச தூரம் நடப்பார்கள் என்பது அவள் கட்சி. நிரூபிப்பதற்காக எண்பது நோயாளிகளைச் சேர்த்து, வேறொருவரைச் சீட்டுக் குலுக்கவைத்து இரண்டாகப் பிரித்தாள். முதல் குழுவுக்குப் பயிற்சி அறையில் வேறொரு பயிற்சியாளர் நடத்தும் வாரம் இரண்டு வகுப்பு. இரண்டாம் குழுவுக்கு வழக்கமான மருந்தும் ஒரு துண்டுப் பிரசுரமும். ஆராய்ச்சி விவரம் எதையும் வெளியே சொல்ல மாட்டோம் என்று எண்பது பேரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள். மாதம் ஒருமுறை எல்லோரும் நடைபாதையில் ஆறு நிமிடம் நடக்க வேண்டும். முப்பது மீட்டர் தூரம், இரண்டு முனையிலும் ஆரஞ்சுக் கூம்பு, விரலில் ஆக்சிஜன் பார்க்கும் கிளிப். யார் எந்தக் குழு என்பது கடைசிவரை அவளுக்கே தெரியாது. தெரிந்தால் மனசு ஒரு பக்கம் சாயும் என்பதால் பட்டியலை உறையில் போட்டு ஒட்டி வைத்திருந்தார்கள்.

பயிற்சி அறை என்று பெயரே தவிர, அது பத்து நாற்காலி கொள்கிற ஒரு பொந்து. அதன் மேல் பழைய ஃபைல்களுக்கு இடம் தேடிக்கொண்டிருந்த அலுவலகத்துக்கு ரொம்ப நாளாக ஒரு கண். பயிற்சியால் பலன் இல்லை என்று முடிவு வந்தால் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தோடு அறை போய்விடும் என்று டைரக்டர் சொல்லியிருந்தார்.

திங்கள் காலை உறை பிரிந்தது. கணக்குப் போட்டவர் ஆஸ்பத்திரியின் புள்ளியியல்காரர். டீயில் சர்க்கரை எவ்வளவு என்று கேட்டால்கூடப் புள்ளி வைத்துப் பதில் சொல்வார் என்பதால் அவருக்கு ‘தசமம்’ என்று பெயர்.

“உக்காருங்க டாக்டர்.”

“பரவாயில்ல, நின்னுக்கிட்டே கேக்கறேன்.”

“முதல் குழு சராசரியா முப்பத்தொன்பது புள்ளி நாலு மீட்டர் கூடுதலா நடந்திருக்கு.”

அவள் துள்ளிக் குதிக்காத குறைதான்.

“ரெண்டாம் குழு முப்பத்தேழு புள்ளி ஒண்ணு.”

அவள் உட்கார்ந்தாள்.

“ரெண்டும் ஒண்ணுதான் டாக்டர். பயிற்சியால தனியா பலன் எதுவும் இல்லைன்னுதான் எழுதணும்” என்றார் தசமம். அவர் நல்ல மனிதர். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்க்க மாட்டாமல் தன் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மூன்று வருட உழைப்பு பாழானது என்று அவளுக்கு அழுகையே வந்தது. ஆனால் அழுகைக்கு நடுவிலும் ஒன்று உறுத்தியது. துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்தால் அதை மடித்துக் கண்ணாடிக் கூட்டில் வைத்துக்கொள்கிற ஜனங்கள் இவர்கள். வருடம் ஏற ஏற நடை குறைவதுதான் இந்த நோயின் குணம். இரண்டாம் குழு எந்தத் தைரியத்தில் முப்பத்தேழு மீட்டர் கூடுதலாக நடந்தது?

மறுநாள் செவ்வாய். ஆராய்ச்சி முடிந்தாலும் மாதப் பரிசோதனை தொடர்ந்தது. நடைபாதையில் அன்று முதல் ஆள் கண்டக்டர். முப்பத்தொரு வருடம் பஸ்ஸில் நின்றே பிழைத்த மனிதர், ஓய்வு பெற்றபின் நாலு எட்டு வைத்தால் நாற்காலி தேடும் நிலைக்கு வந்திருந்தார். மகள் வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில். பேத்தி பிறந்து எட்டு மாதமாகியும் மகள் கீழே இறக்கிக்கொண்டு வந்தால்தான் பார்க்க முடிகிறது என்று முதல் நாளே சொல்லி மூக்கை உறிஞ்சியவர். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே இரண்டு என்று போட்டிருந்தது.

ஐந்தாவது சுற்றில் அவருக்கு மூச்சு வாங்கியது. சுவரோரம் நின்றார். கைகளைத் தொடையில் ஊன்றி, மூக்கால் இழுத்து, உதட்டைக் குவித்து மெல்ல ஊதினார். வாய்க்குள் ஏதோ எண்ணிக்கை வேறு. நாலு தடவை ஊதிவிட்டு, “ரைட்” என்று தனக்கே சொல்லிக்கொண்டு கிளம்பினார். அது முதல் குழுவுக்கு அவள் வகுத்த பயிற்சி. ஒரு இம்மிகூடப் பிசகவில்லை.

நடந்து முடித்து அவர் உட்கார்ந்ததும் கேட்டாள். “இத உங்களுக்கு யாருங்க சொல்லித் தந்தா?”

டிக்கெட் வாங்காமல் வந்தவர்களை வாழ்நாளெல்லாம் பிடித்த மனிதர் இப்போது கையும் களவுமாகப் பிடிபட்டவர்போல விழித்தார். “எத டாக்டரம்மா?”

“உதட்டைக் குவிச்சு ஊதினீங்களே, அத.”

அவர் காத்திருப்பு அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அதுவே போதுமாயிருந்தது.

டாக்டர் சத்தமில்லாமல் போய்க் கதவுக் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தாள். பன்னிரண்டு நாற்காலிகளிலும் ஆட்கள். நடுவில் ஓய்வு பெற்ற தையல் டீச்சர், முதல் குழு. “நூல் முனைய நனைக்கற மாதிரி உதட்டைக் குவிங்க. இழு ரெண்டு, விடு நாலு. ஜன்னலோரம் உக்காந்திருக்கறவர் ஏமாத்தறாரு, எனக்குத் தெரியுது” என்று அதட்டிக்கொண்டிருந்தார். அடுத்து எல்லோரும் நாற்காலியிலிருந்து எழுந்து உட்கார்ந்தார்கள். அதன்பின் தண்ணீர் பாட்டில்களைத் தூக்கி இறக்கினார்கள். அறையின் மூலையில் டிவி துணி போர்த்திக் கிடந்தது.

அப்போதுதான் அவளுக்கு விஷயம் விளங்கியது. டிவி ஆராய்ச்சியின் இரண்டாம் மாதமே கெட்டுப்போயிற்று. அமைதியாக இருக்கட்டும் என்று ரிப்பேருக்குக் கொடுக்காமல் விட்டது அவள். அலைச்சல் வேண்டாமென்று இரண்டு குழுவையும் ஒரே செவ்வாயில் வரச் சொன்னதும் அவளேதான். நோயாளிகளை ஒரே அறையில் இரண்டு மணி நேரம் சும்மா உட்காரவைத்தால் பேசாமல் வேறென்ன செய்வார்கள்?

அவள் கதவைத் திறந்ததும் பாட்டில்கள் எல்லாம் மடிக்கு இறங்கின.

“வெளிய சொல்ல மாட்டேன்னு கையெழுத்துப் போட்டீங்களே டீச்சர்!”

“போட்டேன்தான், இல்லேன்னு சொல்லல.” தையல் டீச்சர் கொஞ்சமும் அசரவில்லை. “பக்கத்து நாற்காலில ஒருத்தர் மூச்சுக்குத் தவிக்கறாரு. எனக்கு வழி தெரியுது. வாயை மூடிக்கிட்டு வேடிக்கை பாக்கச் சொல்றீங்களா? உங்க ஃபாரத்துல அந்த மாதிரி எழுதியிருந்தா நான் கையெழுத்தே போட்டிருக்க மாட்டேன்.”

அவளுக்குக் கோபம் வந்தது. கோபம் வந்த சுருக்கில் சிரிப்பும் வந்து தொலைத்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் இருமுவதுபோலப் பாவனை செய்தாள்.

அன்றும் மறுநாளும் இரண்டாம் குழு நாற்பது பேரையும் நேரிலும் போனிலும் விசாரித்தாள். முப்பத்தொரு பேர் டீச்சரின் சீடர்கள். வேலை காரணமாக வியாழக்கிழமைகளில் வந்துபோன ஒன்பது பேருக்கு மட்டும் எதுவும் தெரியவில்லை. அந்த ஒன்பது பேரின் நடை கூடவே இல்லை, சிலருக்குக் குறைந்தும் இருந்தது.

ஒரு கணம் அவளுக்குச் சபலம் தட்டியது. “அந்த ஒன்பது பேரை மட்டும் வெச்சு ஒப்பிட்டா?” என்று தசமத்திடம் கேட்டேவிட்டாள்.

“பிரமாதமா வரும்.” அவர் பேனாவை மூடினார். “வேலைக்குப் போற அளவுக்குத் தெம்பு இருக்கறவங்க அவங்க, மத்தவங்க மாதிரி இல்ல. முடிவைப் பாத்துட்டு அதுக்குத் தோதா ஆளைப் பொறுக்கறது... உங்களுக்குத் தெரியாததா டாக்டர்?”

தெரியும். அதனால்தான் காது மடல் சூடாகிப்போனது.

வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் அவள் ஒன்று விடாமல் சொன்னாள். கெட்டுப்போன டிவி, ஒரே செவ்வாய், தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும். “பயிற்சியால பலன் உண்டுன்னு என்னால நிரூபிக்க முடியல. தப்பு என்னோடது. அறிக்கையிலயும் அப்படித்தான் எழுதியிருக்கேன்” என்று முடித்தாள். ஃபைல்காரர்கள் அளவு நாடாவை எடுக்காத குறைதான். அறை கைவிட்டுப் போயிற்று என்றே அவள் நினைத்தாள்.

டைரக்டர் பெரிய இதய அறுவை நிபுணர். சிரிப்பை மருந்துபோல அளந்து கொடுப்பவர். அவர் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திரும்பவும் படித்தார்.

“ஒருத்தர் எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்தாங்க?”

“முப்பத்தொண்ணு சார்.”

“சம்பளம் இல்லாம?”

“அதட்டினதோட சரி சார்.”

டைரக்டர் சிரித்தார், அன்றைய அளவுக்கு மேலேயே. “நாம வகுப்பு நடத்தினாலும் நாப்பது பேருக்கு மேல முடியாது. நோயாளியே நோயாளிக்குச் சொல்லித் தந்தா பலிக்குமான்னு பாருங்க. இந்தத் தடவை ஆள் ஆளா பிரிக்காதீங்க, ஒரு கிளினிக் முழுக்க ஒரே குழுன்னு கிளினிக் கிளினிக்கா பிரிங்க. ஒரு கிளினிக்ல சொல்லித் தர்றது இன்னொண்ணுக்குக் கசியக் கூடாது. ரெண்டு வருஷம் அறை உங்களுக்கு.”

அவளுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. அன்று மாலையே தையல் டீச்சருக்குப் போன் செய்து, புதிய ஆராய்ச்சியில் பயிற்றுநராக வர முடியுமா என்று கேட்டாள். “ரிட்டயரானவளை நிம்மதியா இருக்க விட மாட்டீங்களே” என்று அலுத்துக்கொண்ட டீச்சர், எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று அதே மூச்சில் கேட்டார்.

ஞாயிற்றுக்கிழமை கண்டக்டர் அவளை மகள் வீட்டுக்கு அழைத்திருந்தார். முதன்முறையாக ஏறப்போகிறார், பக்கத்தில் டாக்டர் இருந்தால் தைரியம் என்றார். மொத்தம் ஐம்பத்துநாலு படி. ஒவ்வொரு திருப்பத்திலும் அவர் நின்றார், ஊதினார், ஸ்டாப் பெயர் சொல்வதுபோல மாடி எண்ணைச் சொல்லி, “ரைட்” என்று கிளம்பினார். பாதி ஏறும்போதே அவள் கிளிப்பை மாட்டிப் பார்த்தாள். நல்ல எண்தான். அவரை ஒவ்வொரு படியாகக் கவனித்துக்கொண்டு பின்னாலேயே ஏறியதில் தன்னைக் கவனிக்க மறந்துவிட்டாள். மூன்று வருடமாக நாற்காலியை விட்டு எழாத உடம்பு அது.

மேலே கதவைத் திறந்தபடி மகள் குழந்தையோடு நின்றாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கக் கை ஒழியவில்லை. குழந்தை தாத்தாவின் மூக்கைப் பிடித்துக்கொண்டது. கண்டக்டருக்கு அந்த மூக்கு உடனே தேவைப்பட்டது, ஆனாலும் விட்டுக்கொடுத்தார். டாக்டர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வாழ்த்துச் சொல்ல வாயைத் திறந்தாள், வார்த்தை வரவில்லை.

கண்டக்டர் திரும்பிப் பார்த்தார். பேத்தியை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு அவள் பக்கம் குனிந்தார்.

“கையைத் தொடைல ஊனுங்க டாக்டரம்மா. மூக்கால இழுங்க, ரெண்டு. இப்ப உதட்டைக் குவிச்சு மெதுவா விடுங்க, நாலு. அவசரமே இல்ல.”

அவள் இழுத்தாள், விட்டாள். மூன்றாவது மூச்சில் நெஞ்சு லேசானது.

“எப்படி இருக்கு?”

“நல்லா இருக்குங்க.” நிஜமாகவே நன்றாக இருந்தது.

அவர் படிக்கட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “நான் சொல்லித் தந்தேன்னு வெளிய யார்கிட்டயும் சொல்லிடாதீங்க. கையெழுத்துப் போட்டிருக்கேன்.”